மீட்டரில் தேறிய ரெக்டிபையர் லோடில் தேறுமா? சோதித்துப் பார்க்கும் முறை

சங்கரன்கோவிலில் மைக் செட் ஆம்ப்ளிபயர், பேட்டரி சார்ஜர், இன்வெர்ட்டர் பழுது பார்ப்பது என் தொழில். ஆடித்தபசு நெருங்க நெருங்க மேஜை நிறைய ஆம்ப்ளிபயர் வந்துவிடும். பெரும்பாலும் இரண்டே புகார்தான். ஒன்று, “ஃபியூஸ் போட்டதும் போயிருதுண்ணே.” இன்னொன்று, “பாட்டைவிட ம்ம்ம்னு இரைச்சல்தான் அதிகமா வருது.” இரண்டுக்கும் நான் முதலில் கை வைக்கிற இடம் ரெக்டிபையர், அதாவது ஏசி கரண்டை டிசியாக மாற்றும் பகுதி.

வேலை பழக வருகிற தம்பிகள் மீட்டரை டயோடு மோடில் வைத்து, நாலு இடம் தொட்டுவிட்டு, “பிரிட்ஜ் நல்லா இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். பிரிட்ஜ் என்பது நாலு டயோடு சேர்ந்த ரெக்டிபையர். அந்த மீட்டர் டயோடு வழியாக விட்டுப் பார்ப்பது சுமார் ஒரு மில்லி ஆம்பியர். ஆம்ப்ளிபயர் முழுச் சத்தத்தில் ஓடும்போது அதே டயோடு ஐந்து, பத்து ஆம்பியர் தாங்க வேண்டும். அதனால் மீட்டர் சோதனையில் தேறாததைத் தூக்கி எறியலாம். தேறியதை உடனே நம்பிவிடக் கூடாது. லோடு கொடுத்து, அதாவது நிஜமாகக் கரண்ட் இழுக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் நல்லது என்று சொல்ல வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

உள்ளே என்ன நடக்கிறது

வீட்டுக்கு வரும் கரண்ட் ஏசி. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது 20 மில்லி செகண்டுக்கு ஒரு சுற்று: 10 மில்லி செகண்ட் ஒரு திசையில் ஓடும், அடுத்த 10 எதிர்த் திசையில் ஓடும். 230 என்பது ஆர்எம்எஸ் கணக்கு, ஏறி இறங்கும் அலையின் ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி அதைப்போல 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். இந்த 325ஐ மறக்க வேண்டாம், பின்னால் வரும்.

பேட்டரிக்கும் டிரான்சிஸ்டருக்கும் ஒரே திசையில் ஓடும் டிசி வேண்டும். ஏசியை அப்படி ஒருவழிப்படுத்துவது டயோடு. கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் ஃபுட் வால்வு இருக்குமே, அதே வேலை. தண்ணீரை மேலே விடும், திரும்பி இறங்க விடாது. வால்வின் மூடியைத் தூக்கக் கொஞ்சம் அழுத்தம் தேவைப்படுவது போல, சிலிக்கான் டயோடு திறக்க 0.6 வோல்ட் வாக்கில் தேவைப்படும். கெட்டுப்போகும் விதமும் ஒன்றேதான். மூடி ஒட்டிக்கொண்டால் எதுவும் போகாது, அது ஓப்பன். மூடியே உடைந்தால் இரண்டு பக்கமும் போகும், அது ஷார்ட். தோல் தேய்ந்தால் கசியும், அது லீக்கேஜ்.

டயோடுக்குள் இருப்பது ஒரு சின்னச் சிலிக்கான் துண்டு. ஒரு பக்கம் பி வகை, மறுபக்கம் என் வகை. இரண்டும் சேரும் இடத்தில் நகரக்கூடிய மின்சுமை இல்லாத ஒரு மெல்லிய அடுக்கு உண்டாகும். பி பக்கம் பிளஸ் கொடுத்தால் அந்த அடுக்கு மெலிந்து கரண்ட் ஓடும். திருப்பிக் கொடுத்தால் அடுக்கு தடித்து அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்பதைப் பிஐவி என்கிறோம். 1என்4001 தாங்குவது 50 வோல்ட், 1என்4007 தாங்குவது 1000 வோல்ட். இரண்டும் 1 ஆம்பியர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் நான் 4007 மட்டுமே வாங்கி வைத்திருக்கிறேன்.

உலோகமும் படிகமும் தொடும் இடத்தில் கரண்ட் ஒருபக்கமாக ஓடுவதை ஜெர்மனியின் பெர்டினாண்ட் பிரவுன் 1874-லேயே கவனித்துவிட்டார். அந்த வழியில் கலீனா படிகத்தை வைத்து ரேடியோ அலையைக் கண்டறியும் கருவி செய்து, 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ். செமிகண்டக்டர் பற்றிப் பேசும்போது அவர் பெயரை நம் ஐடிஐ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நாலு டயோடு, ஒரே நேரத்தில் இரண்டு

ஒரே டயோடு போட்டால் அலையின் ஒரு பாதிதான் கிடைக்கும், மறுபாதி வீண். நாலு டயோடை வைத்து பிரிட்ஜ் கட்டினால் இரண்டு பாதியும் பயன்படும். 1890-களில் வந்த இந்த இணைப்பு இன்றைக்கும் மாறவில்லை.

கரண்ட் போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே பாருங்கள். பிரிட்ஜில் நாலு கால்: ~ குறி போட்ட இரண்டு ஏசி, ஒரு பிளஸ், ஒரு மைனஸ். முதல் ஏசி கால் பிளஸாக இருக்கும் 10 மில்லி செகண்டில், கரண்ட் அங்கிருந்து ஒரு டயோடு வழியாகப் பிளஸ் காலுக்கு வந்து, லோடுக்குள் போய், மைனஸ் காலுக்குத் திரும்பி, எதிர்மூலை டயோடு வழியாக இரண்டாம் ஏசி காலுக்குப் போய்ச் சேரும். அடுத்த 10 மில்லி செகண்டில் மற்ற இரண்டு டயோடுகள் வேலை பார்க்கும். லோடு வழியாக மட்டும் கரண்ட் எப்போதும் ஒரே திசைதான்.

எந்த நேரத்திலும் வழியில் இரண்டு டயோடு இருப்பதால் குறைந்தது 1.2 முதல் 1.4 வோல்ட் அங்கேயே போய்விடும். கரண்ட் ஏற ஏற இது 2 வோல்ட் வரை ஆகும். 10 ஆம்பியரில் 2 வோல்ட் என்றால் 20 வாட் சூடு, சின்னச் சால்டரிங் அயர்ன் அளவு. 35 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே என்று கேபிபிசி3510 பிரிட்ஜை ஹீட் சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இல்லாமல் தொங்கவிட்டு ஓட்டுபவர்கள் இதைக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்த 35, அடித்தகடு நன்றாகக் குளிர்ந்திருந்தால் மட்டுமே.

பிரிட்ஜிலிருந்து வருவது ஏறி இறங்கும் டிசி, செகண்டுக்கு 100 மேடு. அதை நிரப்பிச் சமப்படுத்துவது பில்டர் கண்டன்சர். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்றால் உச்சி 17 வோல்ட், பிரிட்ஜில் 1.4 போனால் கண்டன்சரில் 15.6 வரும். லோடு ஏறும்போது இரண்டு மேட்டுக்கு நடுவில் வோல்ட் சரியும். 1 ஆம்பியர் லோடுக்கு 1000 மைக்ரோ ஃபாரட் போட்டால் கணக்கின்படி 10 வோல்ட் சரிகிறது, எதற்கும் உதவாது. 4700 போட்டால் 2 வோல்ட் வாக்கில் நிற்கும். ஒரு டயோடு ஓப்பன் ஆகிவிட்டால் 100 மேடு 50 ஆகிவிடும், சரிவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சல் அதுதான்.

தொடுவதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவுங்கள். அப்புறம் கண்டன்சரை இறக்குங்கள். எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை நேராக டிசியாக்கி, வேகமாக சுவிட்ச் செய்யும்) சப்ளையின் முதல் கண்டன்சரில் நான் சொன்ன அந்த 325 வோல்ட் டிசி நிற்கும், கரண்ட் போன பிறகும் நிற்கும். ஸ்குரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்வதை என் மேஜையில் நான் அனுமதிப்பதில்லை. கண்டன்சரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரை கண்டன்சர் முனைகளில் சில செகண்ட் பிடித்தால் இறங்கிவிடும். மீட்டரை வைத்து 0 வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

மீட்டர் சோதனை

தனி டயோடு என்றால் போர்டிலிருந்து ஒரு காலையாவது தூக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் காயிலும் ரெசிஸ்டரும் சேர்ந்து பொய்க்கணக்குக் காட்டும். மீட்டரை டயோடு குறியில் வையுங்கள். வெள்ளிக்கோடு இருக்கும் பக்கம் கேத்தோடு, அதாவது கரண்ட் வெளியேறும் கால். அங்கே கறுப்பு புரோப், மறுபக்கம் சிவப்பு: 0.5 முதல் 0.7 வர வேண்டும். மாற்றி வைத்தால் ஓஎல் (கரண்ட் போகவில்லை என்று பொருள்), அல்லது இடது ஓரத்தில் வெறும் 1. இரண்டு பக்கமும் 0 பக்கத்தில் வந்தால் ஷார்ட், இரண்டு பக்கமும் ஓஎல் என்றால் ஓப்பன்.

0.15, 0.2 என்று குறைவாகக் காட்டினால் உடனே லீக்கேஜ் என்று கழற்றாதீர்கள். 1என்5822 போன்ற, குறைந்த வோல்ட்டிலேயே திறக்கும் ஷாட்கி டயோடு அப்படித்தான் காட்டும். மேலே போட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். சூடாக இருக்கும்போது பார்த்தாலும் குறையும். ஒரு டிகிரி சூட்டுக்கு 2 மில்லி வோல்ட் வீதம் இறங்குவது சிலிக்கானின் இயல்பு.

பிரிட்ஜில் முதலில் கால்களை அடையாளம் காண வேண்டும். சதுரமான கேபிபிசி வகையில் ஒரு மூலை வெட்டியிருக்கும், அங்கே இருக்கும் கால் மட்டும் மற்ற மூன்றுக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும். அது பிளஸ். அதற்கு எதிர்மூலை மைனஸ். மீதி இரண்டும் ஏசி. வயர்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சிவப்பு புரோபை மைனஸ் காலில் வைத்து, கறுப்பால் இரண்டு ஏசி கால்களையும் தொடுங்கள்: இரண்டிலும் 0.5 வாக்கில். பிறகு கறுப்பைப் பிளஸ் காலில் வைத்து, சிவப்பால் ஏசி கால்களைத் தொடுங்கள்: அங்கும் அதே. நாலு டயோடும் ஒரே சமயத்தில் செய்யப்பட்டவை என்பதால் எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டியே இருக்கும். ஒன்று மட்டும் தள்ளி நின்றால் சந்தேகப்படலாம். புரோப்களை இடம் மாற்றி நாலையும் திரும்பப் பார்த்தால் ஓஎல் மட்டுமே வர வேண்டும். இரண்டு ஏசி கால்களுக்கு நடுவில் எப்படி வைத்தாலும் ஓஎல். சிவப்பு மைனஸிலும் கறுப்பு பிளஸிலும் இருந்தால் இரண்டு டயோடு சேர்ந்து 1 வோல்ட் வாக்கில் வரும். பலர் விட்டுவிடும் இன்னொன்று: நாலு காலுக்கும் உலோக அடித்தகட்டுக்கும் நடுவில் தொடர்பு இருக்கவே கூடாது. அங்கே இன்சுலேஷன் போனால் பாடி முழுக்க கரண்ட் வரும்.

பேட்டரியும் பல்பும்

என்னிடம் வேலை பழகுபவர்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கும் சோதனை இது. ஒரு 12 வோல்ட் பேட்டரி, 55 அல்லது 60 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று, தடித்த வயர், நடுவில் ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ். வேறு எதுவும் வேண்டாம். 230 வோல்ட் பக்கமே போகாமல் 4 முதல் 5 ஆம்பியர் லோடு கிடைத்துவிடுகிறது.

பல்பை பிரிட்ஜின் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் கட்டுங்கள். பேட்டரியை இரண்டு ஏசி கால்களில் கொடுங்கள். பல்பு எரியும். பேட்டரி வயர்களை இடம் மாற்றிக் கொடுங்கள். அப்போதும் எரிய வேண்டும், பல்பு முனையில் மீட்டர் வைத்தால் பிளஸ் பிளஸாகவே இருக்க வேண்டும். ரெக்டிபையர் என்ன செய்கிறது என்று படம் போட்டு விளக்குவதைவிட இதை ஒருமுறை காட்டினால் பையன்களுக்குப் புரிந்துவிடுகிறது.

இப்போது ஏசி கால்களில் எத்தனை வோல்ட், பல்பில் எத்தனை வோல்ட் என்று அளந்து கழியுங்கள். நல்ல பிரிட்ஜில் 1.6 முதல் 2 வோல்ட் வரை வித்தியாசம் இருக்கும். பேட்டரியை மாற்றிக் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே எண்தான் வர வேண்டும். ஒரு திசையில் 1.7, மறு திசையில் 2.6 என்று வந்தால் உள்ளே ஒரு டயோடின் இணைப்பு விட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மீட்டரின் ஒரு மில்லி ஆம்பியருக்கு இது தெரியவே தெரியாது. ஹீட் சிங்கில் வைத்துப் பத்து நிமிடம் அப்படியே எரியவிடுங்கள். சூடானதும் பல்பு மங்கினாலோ அணைந்தாலோ “ஒரு மணி நேரம் நல்லா ஓடுது, அப்புறம் இரையுது” என்று வந்த கேஸின் காரணம் கிடைத்துவிட்டது.

கரண்ட் கொடுத்துப் பார்ப்பது

பழுதுக்கு வந்த எதையும் நேராக பிளக்கில் சொருகக் கூடாது. 100 வாட் குண்டு பல்பை லைனில் தொடராகப் போட்ட சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் கண்டன்சர் நிரம்பியது என்று பொருள், நல்ல அறிகுறி. மங்காமல் முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். பிளக்கை உருவிவிட்டு, பிரிட்ஜின் டிசி வயர்களைக் கழற்றித் திரும்பக் கொடுங்கள். இப்போது மங்கினால் ஷார்ட் கண்டன்சரிலோ அவுட்புட் டிரான்சிஸ்டரிலோ இருக்கிறது. இன்னும் எரிந்தால் பிரிட்ஜ் அல்லது டிரான்ஸ்பார்மர்.

எல்லாம் சரியென்றால் டிரான்ஸ்பார்மர் செகண்டரியில் ஏசி, கண்டன்சரில் டிசி, இரண்டையும் அளக்கவும். லோடு இல்லாதபோது டிசி ஏறக்குறைய ஏசியைப்போல 1.4 மடங்கு இருக்கும். ஏசியைவிட டிசி குறைவாக இருந்தால் கண்டன்சர் காலி. ஆனால் இங்கே ஏமாந்துவிடக் கூடாது: ஒரு டயோடு ஓப்பனாக இருந்தாலும், கண்டன்சர் நன்றாக இருந்தால் லோடு இல்லாமல் முழு வோல்ட்டும் காட்டும். பாட்டுப் போட்டதும்தான் சரியும். ஆகவே லோடு கொடுத்து அளந்த எண்ணே கணக்கு.

பெரிய ஆம்ப்ளிபயர்களில் 35-0-35 போல நடு டேப் வைத்த டிரான்ஸ்பார்மர் இருக்கும். பிளஸ் 48, மைனஸ் 48 வாக்கில் இரண்டு சப்ளை வரும். ஒன்று மட்டும் லோடில் விழுந்தால் அந்தப் பக்கத்து இரண்டு டயோடில் ஒன்று போயிருக்கும், அல்லது அந்தப் பக்கத்துக் கண்டன்சர். இந்த இணைப்பில் ஒரு டயோடு தாங்க வேண்டிய எதிர்வோல்ட் 70-ன் உச்சி, அதாவது 99. எனவே 100 வோல்ட் டயோடு போதும் என்று போட்டால் ஜெனரேட்டர் ஒருமுறை எகிறியதும் போய்விடும்.

இரைச்சலையும் காதால் பிரிக்கலாம். வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கியும் இரைந்தால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். வால்யூமோடு கூடிக் குறைந்தால் மைக் வயர், எர்த் பக்கம் பாருங்கள். கண்டன்சர் மட்டும் வற்றியிருந்தால் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். டயோடு போயிருந்தால் 50, சரியாக ஒரு ஸ்தாயி கீழே. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

டிசியில் எவ்வளவு ஏசி கலந்திருக்கிறது என்று அளக்க, மீட்டரை ஏசியில் வைத்து, சிவப்பு புரோபுக்குத் தொடராக 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒன்றைச் சேர்க்கவும். டிசியை அது தடுத்துவிடும். மலிவான மஞ்சள் மீட்டர்கள் இதற்கு உதவாது. அவற்றின் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் தொடங்கும், உள்ளே இருப்பதும் ஒரே டயோடுதான். அதில் ஏசி ரேஞ்சில் 12 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் ஒரு பக்கம் 26 வாக்கில் காட்டும், திருப்பினால் 0.

மாற்றும்போது

போன டயோடை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அது ஏன் போனது என்று பார்க்காவிட்டால் புதியதும் போகும். ஷார்ட்டான டயோடைப் பார்த்தால் டிரான்சிஸ்டரையும் கண்டன்சரையும் பார்க்காமல் விடாதீர்கள். சொருகுக் கால் தளர்ந்து கருகியிருக்கிறதா, ஹீட் சிங்குக்கு நடுவில் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். கரண்ட் அளவில் தேவைப்படுவதைப்போல மூன்று மடங்கு, வோல்ட்டில் குறைந்தது இரண்டு மடங்கு தாங்குவதைப் போடுவது என் வழக்கம். ஒரே எண் போட்ட போலிகளும் கடைத்தெருவில் உண்டு. வாங்கியதும் அந்த பேட்டரி பல்பு சோதனையைச் செய்துவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் அவுட்புட் பக்கத்தில் மட்டும் 1என்4007 போடவே கூடாது. அங்கே செகண்டுக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுகிறது. அடைத்துக்கொள்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும், டயோடு கொதித்து வெடிக்கும். யுஎஃப்4007, எஃப்ஆர்107 அல்லது ஷாட்கி, எது இருந்ததோ அதே வகைதான்.

பைக்கில் இருப்பது

பைக் ஆர்ஆர் யூனிட் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது ரெக்டிபையரும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டியில் இருப்பது. பல வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர் ஏசி கொண்டுவரும், சிவப்பு பேட்டரி பிளஸ், பச்சை அல்லது கறுப்பு மைனஸ். டயோடு மோடில் மேலே சொன்ன மாதிரியே பார்க்கலாம். ஆனால் சில மாடல்களில் டயோடுக்குப் பதில் எஸ்சிஆர் (தனி சிக்னல் வந்தால்தான் திறக்கும் டயோடு போன்றது) இருப்பதால் நல்ல யூனிட்டும் ஓஎல் காட்டும். எனவே பேட்டரி முனையிலேயே அளப்பது நல்லது. வண்டியை 4000, 5000 ஆர்பிஎம்மில் வைத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 15-க்கு மேல் போனால் பெரும்பாலும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கும். 12.5-ஐத் தாண்டவே இல்லை என்றால் யூனிட்டைக் குறை சொல்லும் முன் மஞ்சள் வயர் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள், அது உருகியிருப்பது சகஜம். பிறகு இரண்டிரண்டு மஞ்சளாக ஏசி அளந்தால் மூன்றும் ஒரே அளவு வர வேண்டும், எந்த மஞ்சளும் பாடியோடு தொடர்பில் இருக்கக் கூடாது. ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி “சார்ஜ் ஆகுதா” என்று பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். அந்த நொடியில் எகிறும் வோல்ட், ஆர்ஆர் யூனிட்டோடு இன்றைய வண்டிகளின் இசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கொண்டுபோய்விடும்.